ஸ்கந்தபுரத்து முதலீட்டாளர்

கோகுலன் முதலீட்டாளர் ஆனது ஒரு மத்தியான வேளையில். கிளிநொச்சி நகரில் அவன் வேலை செய்த போன் கடையின் பின்பக்கத்தில் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு காணொளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டுப் போட்ட ஒருவர் அதில் வந்து, இருபத்தைந்து வயதுக்குள் ஒரு சொத்து வாங்காதவன் சாகும்வரை மற்றவனுக்குத்தான் உழைப்பான் என்று விரலை நீட்டிச் சொன்னார். கோகுலனுக்கு இருபத்தைந்து முடிய இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. விரல் தன்னைத்தான் காட்டுகிறது என்று எடுத்துக்கொண்டான். அன்றைக்குப் பார்சலில் கிடந்த மீன் பொரியலைக்கூடத் தொடாமல் எழும்பிப் போனான் என்று கூட வேலை செய்த வினோதன் பிறகு எல்லோருக்கும் சொன்னான்.

அதுவரைக்கும் அவன் ஒரு நல்ல போன் திருத்துகிறவன். தண்ணீரில் விழுந்த போன், மாட்டு வண்டில் ஏறிய போன், மனைவி சுவரில் எறிந்த போன் எல்லாவற்றையும் உயிர்ப்பித்துக் கொடுப்பான். அந்தக் கையோடு அவன் இருந்திருந்தால் நல்ல சம்பளத்தில் நிம்மதியாக இருந்திருப்பான்; எனக்கும் எழுத ஒன்றும் இருந்திராது.

அவனுடைய தாய் நேசமலர் ஸ்கந்தபுரத்தில் வாய்க்கால் கரையோரம் வளவும் வயலுமாக இருந்தவர். கடைசிச் சண்டையில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, முகாமிலிருந்து மகனைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, பற்றை வெட்டி, கிணறு இறைத்து, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டைக் கட்டி முடித்தவர். அந்தக் காணி அவருடைய தகப்பனுக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற வந்த காலத்தில், அரசாங்கம் பெர்மிற் என்ற அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. தகப்பனுக்குப் பிறகு பெர்மிற், மூத்த மகன் என்ற முறையில், அண்ணன் சிற்றம்பலத்தின் பேருக்குப் போனது. சிற்றம்பலம் கனடாவுக்குப் போனார். பேர் யாருடையது என்று அந்த வீட்டில் ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை. கூரை ஒழுகினால் யாருடைய தலையில் ஒழுகும் என்பது மட்டும் தெரியும்.

போன் கடை வேலையை விட்டுவிட்டுக் கோகுலன் முதலில் செய்த முதலீடு விசிட்டிங் கார்ட். இரண்டாவது, கறுப்புக் கண்ணாடி. மூன்றாவதாக, 'வன்னி லாண்ட் கிங்' என்று பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்தான். அந்த நேரம் அவனிடம் காணி என்று சொல்ல இருந்தது சப்பாத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மண் மட்டும்தான். ஆனாலும் பக்கத்தில் தினமும் ஒரு தத்துவம் ஏறியது. "சும்மா கிடக்கிற சொத்து செத்த சொத்து" என்பது அவற்றில் பிரபலமானது. ஊர்ப் பொடியள் அதைப் பகிர்ந்தார்கள். மணியகாரன்குளத்தில் ஒரு சலூன்காரர் கண்ணாடிக்கு மேலே எழுதியும் ஒட்டினார்.

முதல் போட யாராவது வேண்டுமே. கோகுலன் கனடா மாமாவைப் பிடித்தான். விடிந்தால் பொழுதுபட்டால் குரல் செய்தி. ஏ-ஒன்பது வீதியில் காணி விலை எப்படி ஏறுகிறது, வெளிநாட்டுக்காரர் எப்படி அள்ளிக்கொண்டு போகிறார்கள், இப்போது விழிக்காதவன் எப்படிப் பின்னால் அழுவான். சிற்றம்பலம் எல்லாவற்றையும் கேட்டார்.

"நீ சொல்லுறதிலை விசயம் இருக்கு மருமோன்," என்றார் ஒருநாள். "நான் வடிவா யோசிச்சுச் சொல்லுறன்."

மாமா யோசிக்கட்டும் என்று கோகுலன் காத்திருக்கவில்லை. தரகர் செல்வராசாவைத் தேடிப் போனான். செல்வராசா முன்பு கல்யாணத் தரகர். மாப்பிள்ளைகளின் குறையை மறைத்துப் பழகிய வாய்க்குக் காணியின் குறை ஒரு பொருட்டே இல்லை. அவர் அவனைத் தர்மபுரத்துக்குக் கூட்டிப் போய், வீதிக்கரையில் ஒரு துண்டைக் காட்டினார். சொந்தக்காரர் லண்டனில். நிலக்கடலை பச்சைப் பசேலென்று நின்றது. ஒரு மூலையில் கல்லுக்கட்டிய கிணறு. முன்பக்கம் தகரம் போட்ட ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை.

"உந்தக் கடலை ஆர் போட்டது?" என்று கோகுலன் கேட்டான்.

"அது சும்மா, மண்ணுக்கு அழகா இருக்கட்டும் எண்டு ஆரோ போட்டிருக்கினம்."

"அந்தக் கொட்டில்?"

"அது ஒண்டுமில்லைத் தம்பி. ஒரு மனிசி இருக்குது. எழுப்பிறது சின்ன வேலை."

கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் பார்த்த கோகுலனுக்கு அங்கே கடைத்தொகுதி ஒன்று எழும்பி நின்றது. சேமிப்பை எடுத்தான். மோட்டார் சைக்கிளை விற்றான். பிறகு தாயிடம் வந்து, தொழுவத்தில் நின்ற இரண்டு பசுவையும் கேட்டான்.

"இப்ப ரெண்டைத் தாங்கோ அம்மா. வருசம் முடியிறதுக்குள்ளை தொழுவம் நிறைய நிக்கும்."

"தொழுவம் நிறைய மாடு நிண்டால் பால் கறக்கிறது ஆர்?" என்று நேசமலர் கேட்டார். ஆனால் கொடுத்தார். ஒரே மகன். குடிக்காதவன். அந்த இரண்டு தகுதிக்கும் வன்னியில் தாய்மார் மாடென்ன, கண்ணையே பிடுங்கிக் கொடுப்பார்கள்.

சட்டத்தரணி ஒருவர் முன்னால் உடன்படிக்கை எழுதி, முற்பணம் கட்டினான். ஆறு மாதத்துக்குள் மீதியைக் கட்டி உறுதிப் பத்திரம் முடிக்கவேண்டும். தவறினால் முற்பணம் போய்விடும். கோகுலனின் கணக்கு எளிமையானது. காணியைத் துண்டு துண்டாகப் பிரித்து முன்கூட்டியே விற்று, அந்தக் காசில் மீதியைக் கட்டுவது. காணொளிக்காரர் இதை ஒரு வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டியிருந்தார். அந்தப் பலகையில் தேத்தண்ணிக் கடை எதுவும் இருக்கவில்லை.

மோட்டார் சைக்கிளை விற்றவன் என்பதால் முதலீட்டாளர் தன்னுடைய காணியைப் பார்வையிட பஸ்ஸில் போனார். கடையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வடை போட்டுக்கொண்டிருந்தார். ராஜினி. அவருடைய தகப்பன் மாயாண்டி மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வந்து, இந்தக் காட்டை வெட்டி, அந்தக் கிணற்றைத் தோண்டியவர். அப்போது காணி என்னுடையது என்று எவரும் வரவில்லை. சண்டை முடிந்து, வீதி போட்டு, கரண்ட் வந்த பிறகுதான் லண்டனில் ஒருவருக்கு ஞாபகம் வந்தது.

"வாங்க தம்பி, உக்காருங்க. தேத்தண்ணியா, கோப்பியா?"

"நான் இந்தக் காணியின்ர புது உரிமையாளர்," என்று கோகுலன் விசிட்டிங் கார்டை நீட்டினான்.

ராஜினி கையைச் சேலையில் துடைத்துவிட்டு கார்டை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "சந்தோஷம். அப்ப தேத்தண்ணியே போடுறேன்."

காணொளியில் சொன்னபடி கோகுலன் முதலில் மௌனமாக இருந்தான். எதிராளி பதறுவார் என்று அதில் சொல்லியிருந்தார்கள். எதிராளி வடையைத் திருப்பிப் போட்டார். கடைசியில் அவனே தொடங்கினான்.

"அக்கா, உங்களுக்கு ஒரு மாதம் தாறன். பிரச்சினை இல்லாமல் முடிப்பம். வேணுமெண்டால் சாமான் ஏத்த லாண்ட்மாஸ்ரர் பிடிச்சுத் தாறன்."

"காணிக்கு நல்ல வெல குடுத்தீங்களா தம்பி?"

"ஓம், கொஞ்சம் கூடத்தான்."

"கெணத்துக்குத் தனியாவா குடுத்தீங்க?"

"கிணறு காணியோடை சேர்த்திதானே."

"அத வெட்டுறப்ப எங்கப்பாவுக்கு மண்ணு சரிஞ்சு கால் ஒடைஞ்சுபோச்சு. கடைசி வரைக்கும் நொண்டித்தான் நடந்தாரு. அதையும் சேத்துத்தான் வித்தாங்களான்னு லண்டன்காரர்கிட்ட ஒருக்கா கேட்டுச் சொல்லுங்க." கோபம் இல்லாமல்தான் சொன்னார். பிறகு தேத்தண்ணியை வைத்து, வடை இரண்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கினார்.

இப்படியே அவன் பலமுறை போனான். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தந்திரம். ஒருநாள் கடுமை. ஒருநாள் பாசம். ஒருநாள் டை கட்டிக்கொண்டு போனான்; பஸ்ஸில் அவனை ஏதோ இன்சூரன்ஸ்காரன் என்று நினைத்து இரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்தார்கள். ராஜினியின் வடை விற்பனை கூடியதைத் தவிர வேறு முன்னேற்றம் இல்லை.

அதற்குள் பேஸ்புக்கில் 'கோகுல் கிரீன் சிற்றி' பிறந்துவிட்டது. கடைக் கொட்டில் உள்ளே விழாதபடி எடுத்த படம். கிணறு மட்டும் தெரிந்தது. 'இயற்கை நீர்வளம்' என்று அதற்கு மேல் எழுதியிருந்தான். படத்தின் கரையில் கொடியில் காய்ந்த ராஜினியின் மகளுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஒன்று பாதி விழுந்திருந்தது. அதைக் கொக்கு என்று நினைத்து லைக் போட்டவர்களும் உண்டு.

வாங்க வருகிறவர்களுக்கு எல்லை காட்டவேண்டும் என்று ஒரு காலை அவன் வேலிக்கு நடுகிற கப்புத் தடிகளும் கயிறும் ஏற்றிக்கொண்டு, கூலிக்கு இரண்டு பேரோடு போய் இறங்கினான். முதல் கப்பு நடும்போதே ஊர் மாதர் சங்கத்துப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். சத்தம் போடவில்லை. கப்பு நடுவதற்குக் கிண்டிய குழி ஒவ்வொன்றிலும் ஒருவர் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெற்றிலை போட்டார்கள். தங்களுக்குள் யாருடைய மகளுக்கோ நடந்த கல்யாணத்தைப் பற்றிக் கதைத்தார்கள். கூலிக்கு வந்தவர்களில் ஒருவனுக்கு அந்தப் பெண்களில் ஒருவர் பெரியம்மா முறை. அவனும் போய்ப் பக்கத்தில் குந்திவிட்டான். கோகுலன் வெயிலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அதைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

சட்டத்தரணியிடம் போனான். இத்தனை வருஷம் குடியிருக்கிற ஒருவரைக் காணியிலிருந்து எழுப்புவதென்றால் வழக்குத்தான், வழக்கென்றால் உமக்கு நரைத்துவிடும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். உடன்படிக்கை எழுதியபோது இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீர் கேக்கேல்லையே தம்பி" என்றார்.

அந்தக் கவலையில் ஒருநாள் பழைய போன் கடையில் வினோதனோடு இருந்து மற்றவர்களின் காணி விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு போனவனுடைய விரல் ஒரு படத்தில் நின்றது. 'ஸ்கந்தபுரம். வாய்க்கால் கரை. காய்க்கும் தென்னைகள். அவசர விற்பனை.' படத்தின் நடுவில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு முற்றத்தில் நெல் பரவிக்கொண்டிருந்தார். அந்தச் சட்டையை அவன்தான் போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்திருந்தான்.

கீழே செல்வராசாவின் இலக்கம். கோகுலன் வினோதனின் போனை வாங்கி, வாயில் கைலேஞ்சியை வைத்துக்கொண்டு அந்த இலக்கத்துக்கு எடுத்தான்.

"வணக்கம். நான் நெடுங்கேணியிலை இருந்து பிரதீபன் கதைக்கிறன். ஸ்கந்தபுரத்துக் காணி கிடக்கோ?"

"கிடக்குத் தம்பி, கிடக்கு. கனடாக்காரரின்ர காணி. ஆள் திடீரெண்டு விக்கவேணும் எண்டு நிக்கிறார். இப்ப சொன்னால் நல்ல விலைக்கு முடிச்சுத் தருவன்."

"ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"அவரின்ர சகோதரி ஒரு மனிசி இருக்குது. எழுப்பிறது சின்ன வேலை."

கோகுலன் கைலேஞ்சியை இன்னும் அழுத்திப் பிடித்தான். "பிள்ளையள்?"

"ஒரு பொடியன். காணி வியாபாரம் எண்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரியுது."

"அவன் பிரச்சினை தரமாட்டானோ?"

செல்வராசா வயிறு குலுங்கச் சிரித்தது இங்கே வினோதனுக்கும் கேட்டது. "அவனோ? ஆள் குடியிருக்கிற காணியை வெறுங்காணி விலைக்கு அவன்ர தலையிலை கட்டினது நான்தான் தம்பி. அவன் நல்ல பொடியன். ஒரு பிரச்சினையும் தரான்."

பின்னேரம் வீட்டுக்கு வந்து தாய்க்குச் சொன்னான். நேசமலர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவலையை வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், கனடாவுக்குப் போன் எடுக்கச் சொன்னார். கோகுலன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணை, நான் இருக்கிற வீட்டை விக்கப் போறியளாமே?"

அந்தப் பக்கம் கொஞ்சம் இருமல். "விக்கிறதெண்டு இல்லைப் பிள்ளை. உன்ர மோன்தான் ஒவ்வொரு நாளும் அனுப்பினவன். சும்மா கிடக்கிற சொத்து செத்த சொத்தாம். கேட்டுக் கேட்டு நானும் யோசிச்சன். சரியாத்தான் சொல்லுறான்."

நேசமலர் மகனை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். கோகுலன் கூரையைப் பார்த்தான்.

"நான் இஞ்சை சும்மா கிடக்கிறன் எண்டோ சொல்லுறியள்?"

"உன்னைச் சொல்லேல்லைப் பிள்ளை. காணியைச் சொன்னனான்."

"காணியிலைதான் அண்ணை நான் கிடக்கிறன்."

சிற்றம்பலம் அங்கே பனி கொட்டுகிறது, குளிர் தாங்கமுடியவில்லை என்று கதையை மாற்றினார். பேர் என்னுடையதுதானே என்பதையும் நடுவில் மெல்லச் சொல்லிவைத்தார். போனை வைத்த பிறகு நேசமலர் தேங்காய் துருவி முடித்தார். மகனுக்குச் சோறு போட்டார். அவனோடு கதைக்கவில்லை. கோகுலனின் முதலீட்டு வாழ்க்கையில் ஆகக் கொடுமையான நாட்கள் அதற்குப் பிறகு வந்தவைதான். எந்தக் காணொளியும் தாய் கதைக்காமல் விட்டால் என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வராசா வாடகைக்குப் பிடித்த வான் ஒன்றில் வந்து இறங்கினார். கூட சுவிஸிலிருந்து வந்த நடராசா என்பவரும் மனைவியும். ஊரில் ஒரு வீடு கட்டி வந்து இருக்கவேண்டும் என்ற ஆசையில் வந்தவர்கள். தென்னைகளை அண்ணாந்து பார்த்து நடராசாவின் கண் கலங்கியது.

நேசமலர் பல நாளுக்குப் பிறகு மகனோடு வாய் திறந்தார். "போ. போய் உள்ளதைச் சொல்லு. நான் தேத்தண்ணி ஊத்துறன்."

கோகுலன் சாரத்தோடு படலைக்குப் போனான். அன்றைக்குக் கண்ணாடி போடவில்லை.

"ஐயா, இந்தக் கிணறு ஆவணியிலை வத்திப்போம். மாரியிலை வாய்க்கால் நிரம்பிக் குசினி வரைக்கும் தண்ணி வரும். போன முறை அடுப்புக்குள்ளை மீன் பிடிச்சனாங்கள். தண்ணி கொதிக்க வைச்சால் கேத்திலுக்குள்ளை சுண்ணாம்பு படியும். தென்னை காய்க்கும், உண்மைதான். ஆனால் யானை வந்தால் ஆருக்குக் காய்ச்சது எண்டு சொல்லேலாது. இது பெர்மிற் காணி. உங்கடை பேருக்கு உறுதி முடிக்க ஏலாது. மற்றது, உள்ளுக்குள்ளை தேத்தண்ணி ஊத்துறது என்ர அம்மா. அவா எழும்ப மாட்டா."

செல்வராசாவின் முகம் கறுத்தது. "தம்பி, இப்பிடிக் கதைச்சால் உமக்கு இந்தத் தொழில் சரிவராது."

ஆனால் நடராசா அவனுடைய தோளில் கை வைத்தார். "வந்து இறங்கின நாள் தொட்டு இண்டைக்குத்தான் உண்மை சொல்லுற ஒருத்தனைக் காணுறன். தம்பி, உம்மட்டை வேறை ஏதும் காணி இருக்கோ?"

இந்த இடத்தில் கோகுலன் திருந்திவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவன் ஒரு கணம் வீட்டுப் பக்கம் பார்த்தான். தாய் இன்னும் குசினிக்குள் நின்றார்.

"ஒண்டு இருக்கு ஐயா," என்றான். "தர்மபுரத்திலை, றோட்டுக் கரை. நல்ல கிணறு. ஒரு மனிசி கடை வைச்சிருக்குது. எழுப்பிறது சின்ன வேலை."

நடராசாவின் மனைவி வான் நின்ற பக்கம் திரும்பினார். "வாங்கோ போவம்," என்றார் புருஷனிடம். "எங்களை ஊரைவிட்டு எழுப்பித் துரத்தினது போதாதே? நாங்கள் வந்து இன்னொருத்தியை எழுப்பவோ?" வானில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார். நேசமலர் தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தபோது புழுதிதான் நின்றது.

உடன்படிக்கைக் காலம் முடிந்தது. முற்பணம் லண்டனோடு போனது. மாட்டுத் தொழுவத்தில் கோழிகள் குடியேறின. கோகுலன் திரும்பவும் உடைந்த திரைகளுக்குப் போனான். முதலாளி பழைய சம்பளத்தைவிடக் குறைத்துத்தான் எடுத்தார். காணியில் இல்லாத பெர்மிற்காரர் அதை விற்க வெளிக்கிட்டால் பெர்மிற்றே பறிபோகலாம் என்று கனடாவில் யாரோ பயம் காட்டியதில், சிற்றம்பலம் தங்கையின் பேருக்கு மாற்றச் சம்மதித்தார். சம்மதித்தாரே தவிர, கதைப்பதில்லை.

பேர் மாற்றத்துக்காக, கிளிநொச்சியில் ஒரு மைதானத்தில் காணி அதிகாரிகள் வந்திருந்து நடத்திய நடமாடும் சேவைக்கு நேசமலர் மகனையும் கூட்டிக்கொண்டு போனார். மைதானம் முழுக்க வரிசை. வெயில். நேசமலர் குடையை விரித்தபோது, சட்ட உதவி மேசைக்கான பக்கத்து வரிசையில் ஒரு பெண் தலையில் ஆவணக் கோப்பு ஒன்றை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார். கோகுலன் தாய்க்குப் பின்னால் ஒதுங்கினான்.

"இதுக்குள்ளை வாங்கோ பிள்ளை," என்று நேசமலர் குடையைச் சரித்தார். "எவடம் நீங்கள்?"

"தர்மபுரம்க்கா. அப்பா காலத்துல இருந்து இருக்கோம். இப்ப நெலத்தை வாங்கிட்டேன்னு அடிக்கடி ஆளு வர்றாங்க. அதான் ஒரு வழி கேப்போம்னு வந்தேன்."

"ஆர் வாறது?"

ராஜினி குடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "இந்தா நிக்கிறாரே, இந்தத் தம்பிதான் கடைசியா வந்தாரு." பிறகு, தாய் என்று விளங்கியதும், அவசரமாகச் சேர்த்தார். "நல்ல புள்ளக்கா. தேத்தண்ணிக் காசெல்லாம் ஒழுங்கா குடுத்துருவாரு."

நேசமலர் மகனைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. ஒரு நிமிஷம் கழித்து ராஜினியின் கையிலிருந்த ஆவணக் கோப்பை வாங்கி, கோகுலனின் நெஞ்சில் வைத்தார். தன்னுடையதை அதற்கு மேல் வைத்தார்.

"ரெண்டு வரிசையையும் பாத்துக்கொண்டு நில். நாங்கள் போய்ச் சோடா குடிச்சிட்டு வாறம்."

இரண்டு பெண்களும் ஒரே குடைக்குள் நடந்து போனார்கள். இந்த முறை நிலக்கடலைக்கு என்ன விலை போகும் என்று ராஜினி கேட்பது கொஞ்சத் தூரம்வரை கேட்டது. கோகுலன் ஒரு காலை ஒரு வரிசையிலும் மறுகாலை மற்ற வரிசையிலும் வைத்துக்கொண்டு நின்றான். முன்னால் நின்றவர்கள் நகர நகர அவனும் அகட்டி அகட்டி நகர்ந்தான். கடைசியில் சட்ட உதவி மேசையிலிருந்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்.

"மாயாண்டி ராஜினி! மாயாண்டி ராஜினி வந்திருக்கிறாவோ?"

கோகுலன் சுற்றிப் பார்த்தான். குடை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

"ஓம்," என்று கையை உயர்த்தினான். "வாறன்."